மரிக்கொழுந்து உருண்டை

டமாரென்று குளியலறைச் சுவரில் மோதி உருண்டது பித்தளைச் செம்பு. அம்மா குளிக்க மறுப்பது இது ஐந்தாவது நாள். கடைச் சோப்புதான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த பூங்கோதை, மறதி முற்றுவதற்கு முன் அம்மா வீட்டிலேயே காய்ச்சிய மரிக்கொழுந்து சோப்பின் தேய்ந்த துண்டுகளை மாடம் மாடமாகத் தேடிப் பொறுக்கியிருந்தாள். துருவி, வெந்நீரில் குழைத்து, உருண்டையாகப் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். அரைநாள் வேலை. அம்மா அதையும் தட்டிவிட்டுத்தான் செம்பை வீசியிருந்தாள்.

“இன்னும் நான் என்னதாம்மா செய்யணும்?” பூங்கோதை கத்தியே விட்டாள்.

அம்மா குனிந்து உருண்டையை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். முந்தானையில் ஈரம் போகத் துடைத்து, அதிலேயே முடிந்துகொண்டாள்.

“இது எம் பொண்ணு பூங்கோதைக்குன்னு காய்ச்சுனது. நீ யாரும்மா இத எடுக்க?”