எட்டுக்குக் குறையாது

“எட்டு. அதுக்குக் கீழ ஒண்ணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்” என்றாள் க்ளெனிஸ், இடது முழங்காலில் பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டே.

“அஞ்சு” என்றான் க்ரெய்க். “போனாப் போகுது, பழகின தோஷத்துக்கு ஆறு.”

கம்பளி ஏலத்தில்கூட இத்தனை இழுபறி நடக்காது. ஆனால் பேரம் கம்பளிக்கு அல்ல, மக்ராய் பண்ணையின் மேய்ச்சல் மேட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறைக்கு.

அந்த வட்டாரத்தில் ஏறக்கூடிய ஒவ்வொரு பாறைக்கும் ஓர் எண் உண்டு. பூஜ்ஜியம் என்றால் ஆடு ஏறிவிடும். எட்டு என்றால் ஆம்பிளைச் சிங்கங்களெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும். முதலில் ஏறுகிறவர் பாறைக்குப் பேரும் எண்ணும் சொல்ல வேண்டும், க்ரெய்க் அதைத் தன் கையேட்டில் அச்சேற்றுவான். அச்சேறிவிட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை, அதாவது பத்து வருஷத்துக்கு, அதுதான் சட்டம்.

இந்தப் பாறைக்கு இன்னும் பேரும் இல்லை, எண்ணும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் இன்னும் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற க்ளெனிஸும், கையேட்டுக்கார க்ரெய்கும் பதினோரு குளிர்காலமாக அதில் மாறி மாறி ஏறி, மாறி மாறி விழுந்துகொண்டிருந்தார்கள்.

“போன வருஷம் ஆத்தோரப் பாறையில நான்தான் முதல்ல ஏறினேன். ஆறுன்னு சொன்னேன். நீ மூணுன்னு நோட்டுல எழுதிக்கிட்டே.”

“நீயே ஏறிட்டே. அப்புறம் அது எப்படி அம்மணி ஆறாகும்?”

“இந்தப் பாறையில நீ விழுந்த கதையை மதுக்கடையில சொல்றப்போ மட்டும் எட்டுங்கறே?”

“அது நான் விழுந்த எட்டு” என்றான் க்ரெய்க், கொஞ்சமும் கூசாமல். “எட்டுல விழுந்தா ஒண்ணும் கேவலமில்ல. அதே பாறையில நீ ஏறிட்டேன்னு வை, அப்ப அது அஞ்சுதான்.”

மெத்தையைப் பாறையடியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஹுயா ‘ஹும்’ என்றாள். கத்தரிப்புக் கொட்டகையில் சமையல் அவள்தான். க்ளெனிஸ் விழுந்தால் தாங்கிப் பிடிப்பதும் அவள்தான்.

“சத்தியம் பண்ணு” என்றாள் க்ளெனிஸ். “இன்னிக்கு நான் ஏறினா, நான் சொல்ற பேரு, நான் சொல்ற எண். ஒரு எழுத்து மாறக் கூடாது. ஹுயா சாட்சி.”

“சாட்சிதான்” என்றாள் ஹுயா. “மாத்தினியோ, திங்கட்கிழமை கொட்டகையில உன் சூப்புல என்ன போடுவேன்னு எனக்கே தெரியாது.”

க்ரெய்க் சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தான். “சத்தியம். அச்சுக்கு நாளைக்கு அனுப்பறேன். மை செலவாகப் போறதில்லைன்னு தெரிஞ்ச தைரியம்தான்.”

புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. அந்தக் குளிர் இருந்தால்தான் பாறை பிடி கொடுக்கும். ஆட்டுக் கம்பளியில் ஊறும் மெழுகு ஏறி ஏறிக் குழந்தைக் கன்னம் போல வழவழத்துக் கிடந்த உள்ளங்கைகளை அவள் விடியலிலேயே சோப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்திருந்தாள். கை வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடியை அப்பிக்கொண்டு, பாறையடியில் உட்கார்ந்தபடியே முதல் பிடியைப் பற்றினாள்.

முதல் தடவை பாதியில் விழுந்தாள். இரண்டாம் தடவை பாதிகூடப் போகவில்லை.

“டீ ஆறுது, அம்மணி” என்றான் க்ரெய்க்.

“நீயே குடி. உனக்குத்தான் உட்கார்ந்து பழக்கம்.”

மூன்றாம் தடவை இரண்டு விரல் மட்டும் நுழைகிற குழியைப் பிடித்தாள். பதினோரு வருஷமாக அவளைத் துப்பித் தள்ளிய குழி அது. இடது குதிகாலைத் தலைக்கு மேலே தூக்கிக் கொக்கியாக மாட்டினாள். கிடா முட்டி வீணாய்ப்போன முழங்கால் ‘விடு, விடு’ என்று அலறியது. “வாயை மூடு” என்று அதைத் திட்டினாள், சத்தமாகவே.

உச்சி வழுக்கைத் தலை மாதிரி உருண்டு கிடந்தது, பிடிக்க ஒரு மயிர்கூட இல்லை. உள்ளங்கையைப் பரப்பி அழுத்தினாள். கை வழுக்கியது, நின்றது, மறுபடி வழுக்கியது. கொட்டகையில் திமிறும் ஆட்டை மடக்குகிற மாதிரி, அந்தப் பாறையின் மேல் மொத்த உடம்பையும் சாய்த்து அமுக்கினாள் க்ளெனிஸ். வலது முட்டி ஏறியது. அப்புறம் அவள் முழுசாக மேலே நின்றாள்.

ஹுயா போட்ட கூச்சலில் மேட்டிலிருந்த ஆடுகளெல்லாம் ஓடின. க்ரெய்க் கையில் டீ கவிழ்ந்தது.

க்ளெனிஸ் உச்சியிலேயே உட்கார்ந்து காலணியின் பட்டையை நிதானமாக அவிழ்த்தாள். “எழுதிக்க. பேரு, ‘க்ரெய்கின் பதினோரு வருஷம்’.”

பேனா நின்றுவிட்டது. க்ரெய்க் நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிர்காற்று ரொம்பக் குத்துகிறது என்றான்.

“என் பேரையா வைக்கறே? நான் அத்தனை பேச்சு பேசியும்...” எழுத்து எழுத்தாகப் பெரிதாக எழுதினான். “நீ கேட்ட எட்டு உனக்குத்தான், க்ளெனிஸ். எட்டென்ன, ஒன்பதாவே போட்டுடறேன். நியாயமாப் பார்த்தா ஒன்பது தேறும்!”

“அதெப்படி? நானே ஏறிட்டேனேப்பா” என்றாள் க்ளெனிஸ். “ரெண்டுன்னு போடு.”