ஒரு திட்டு நீளம்

“ஏன்டா சோம்பேறி, மசமசன்னு நிக்காம சொன்ன வேலையச் செய்யேன்டா!”

பொத்தானை அழுத்திய கையோடு இதைச் சொல்வது ரோவர் ஓட்டுகிறவளின் வழக்கம்.

நிலவுக்குக் கட்டளை போய்ப் பதில் திரும்பி வர, சரியாக இந்தத் திட்டின் நீளம் ஆகும். வீட்டில் தம்பிக்கென்று உருவான திட்டு. அளவு பொருந்திவிட்டதால் வேலைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். ரோவர் நிற்கும் இடத்தில் பொழுது சாய்கிறது. பேட்டரியில் இன்னும் ஒரே ஒரு தடவை தோண்டத்தான் தெம்பு. இதுவரை தோண்டியதிலெல்லாம் வெறும் புழுதி. இதிலும் பனிக்கட்டி இல்லையென்றால் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் வீண்.

அழுத்தினாள். திட்டில் “மசமசன்னு” வரைக்கும்தான் வந்திருப்பாள், திரையில் ஈரத்தைக் காட்டும் கோடு விருட்டென்று உச்சிக்கு ஏறியது.

கட்டுப்பாட்டு அறையே துள்ளிக் குதித்தது. சிரித்தே யாரும் பார்த்திராத ஆய்வு மைய இயக்குநர் மேசைமேல் ஏறி ஆடினார்.

அவள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. பாதித் திட்டு இன்னும் வாயிலேயே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு தம்பி வந்தான். அங்கே மெக்கானிக் அவன். தலையிலிருந்து கால்வரை சேறு, கையில் வாளி.

“யாரு தோண்டினது, அக்கா?”

பக்கத்து ஹாலில், ஒத்திகைக்கென்று மணலில் நிறுத்தியிருந்த இன்னொரு ரோவர் தோண்டியிருக்கிறது. அதுவும் ஒழுகுகிற ஏசிக்கு நேர் கீழே. அந்த ஏசியைச் சரிபண்ணச் சொல்லி ஒரு வாரமாக அவனும் இதே திட்டை வாங்கிக்கொண்டிருந்தான். காலையில் ஒத்திகை முடிந்ததும் இணைப்பை நிலவுக்கு மாற்ற மறந்தது என்னவோ அக்காதான்.

இயக்குநர் மேசையிலிருந்து இறங்கினார். ஏறியதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் பேட்டரி அளவைப் பார்த்தாள். நல்லவேளை, நிலவில் நிற்பவனின் தெம்பு அப்படியே இருந்தது. இணைப்பை மாற்றினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். அழுத்திவிட்டு, முதலிலிருந்து திட்டினாள்.

கோடு மறுபடி ஏறியது.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் தம்பியைத்தான் பார்த்தார்கள். அவன் வாளியும் கையுமாக அங்கேயே நின்றான்.

“இதுவும் பக்கத்து ஹாலாம்மா?” என்றார் இயக்குநர், மேசையை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

“இல்ல சார்,” என்றாள். “முழுசா திட்டி முடிச்சேன்.”