இறக்கிய முடி

கியாக்டடாப் பேட்டையின் ஒரு மாடியறையில் மின்சாரம் போய், விசிறி நின்றிருக்கிறது. தெரு ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் சன்னல் வழியே நுழைகின்றன. ஜப்பானுக்கு வேலைக்குப் போக மொழி படிக்கும் பெண்களுக்கு, பர்மியப் பேச்சில் சயாமா என்று அழைக்கப்படும் டீச்சரம்மா வேர்த்த முகத்தோடு பாடம் நடத்துகிறார். இன்றைய பாடம், ஜப்பான் அவசர அவசரமாகப் புதிதாக மாறிய காலம். பலகையில் ஒட்டிய படத்தில் ஒருவன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். கத்தரி அவன் குடுமியில் இருக்கிறது. “சில பேரு அழுதாங்களாம். முதல்ல குடுமி போச்சு, புதுப் பேச்சு வந்துச்சு, பின்னாடியே கட்டாயப் பட்டாளம் வந்துச்சு” என்கிறார் சயாமா. சத்யபாமாவின் பென்சில் நின்றுவிடுகிறது. தன்லி ஊரின் ஆலையில் தங்கி வேலை செய்த அவள் தம்பி உதயசூரியன், முருகனுக்கு நேர்ந்துகொண்டு முதுகு வரை முடி வளர்த்திருந்தான். போன வாரம் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய், முகாமில் மொட்டையடித்து, பட்டாள உடுப்பு மாட்டிவிட்டார்கள். அந்தக் கோலத்தில் அவன் படம் அவள் போனுக்கு வந்திருக்கிறது. பக்கத்திலிருக்கும் ரெபேக்கா குனிந்து, “அம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்கிறாள். “உடுப்பு தெரியாம தலைய மட்டும் காட்டினேன்” என்கிறாள் சத்யபாமா, பலகைப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “கோயில்ல முடி எறக்கிட்டான்னு நெனச்சுக்கிட்டு, கற்பூரம் ஏத்திக் கும்புடுறாங்க.”