தானாகத் தெளியும்

மாக்டெல்ட் அன்று ஜாடியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாளா, கையில் வைத்துக்கொண்டே சொன்னாளா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. வசந்தகாலம் என்பதுகூட என் ஊகம்தான். தட்டில் முள்ளங்கி இருந்ததாக ஞாபகம். சொன்ன வார்த்தை மட்டும் மனசில் அப்படியே இருக்கிறது.

"கீழ உடம்பு சரியில்ல. மூணு வருஷத்துப் பீப்பாயை இன்னைக்குத் திறக்க முடியாது."

வேர்லேயின் முகம் வாடிவிட்டது. அந்தப் பீப்பாய்க்காகத்தான் வேர்லே, ரோம்பவுட், நான் மூவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலேறி, சேற்று வழியில் நடந்து, மாக்டெல்ட் பீர் ஊற்றித் தரும் அந்த வீட்டுக்குப் போவோம். வைக்கோல் பரணாக இருந்த மாடியில் எங்களுக்கு மேசை. பீப்பாய்களும் மாக்டெல்டின் குடித்தனமும் கீழே. பீரைக் கலக்கிற அவள் கணவர் லோடே மேலே வந்து நாங்கள் பார்த்ததில்லை.

சீக்கு எங்களுக்குப் புதிதல்ல. அந்தப் பக்கத்துப் பீர் வெறும் காற்று பட்டே புளிப்பது. வெயில் ஏறும்போது சில பீப்பாய்களில் கொழகொழவென்று நூல் விடும். அதைத்தான் அங்கே சீக்கு, உடம்பு சரியில்லை என்பார்கள். தொடாமல், நகர்த்தாமல் விட்டால் தானாகத் தெளியும். அப்படித் தெளிந்ததன் ருசியே தனி. விவரம் தெரியாதவர்கள்தான் பயந்துபோய்ச் சாக்கடையில் ஊற்றுவார்கள்.

ரோம்பவுட் காது மூக்கு தொண்டை டாக்டர். அவன் மூக்கை நாங்கள் நம்பினோம். எங்களைவிட அவன் நம்பினான். ரொம்ப இழுக்கிறதா என்று விசாரித்தான். நூல் நூலாக வருகிறது, ராத்திரியில் அதிகம் என்றாள் அவள்.

"தெளியுமா டாக்டர்?"

"தெளியும். நான் எத்தனை பார்த்திருக்கேன். அசைக்காம விட்டாப் போதும்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெளியாவிட்டால் இந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று, யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று ஒரு வருடத்துப் பீரோடு திருப்திப்பட்டோம். வேர்லே குவளையைச் சுழற்றி முகர்ந்து, நனைந்த கம்பளி என்றாள். ரோம்பவுட் இல்லை, குதிரை லாயம் என்றான்.

"நீ எப்ப லாயத்துக்குப் போனே?"

"உன் வீட்டுக்கு வந்திருக்கேனே."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மாடிப்படி ஏறும்போதே உடம்பு எப்படி என்று கேட்போம். அப்படியேதான் என்பாள். கேட்கக் கேட்க அவள் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் ரோம்பவுட்டிடம், ஒரு தடவை இறங்கி வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அவன் மறுத்துவிட்டான். காலடி அதிர்வுகூட ஆகாது, இந்த நேரத்தில் தொந்தரவு பண்ணவே கூடாது என்று விளக்கினான். அவள் சரி என்றாள். அன்று வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

இன்னொரு ஞாயிறு, நகரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், தங்களிடம் கொண்டுவந்து விடச் சொல்கிறார்கள் என்றாள். பெரிய ஆலைக்காரர்கள் நல்ல பீப்பாய்களை இப்படித்தான் வளைத்துப்போடுவார்கள். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லோடே என்ன சொல்றாரு?" என்று வேர்லே கேட்டாள்.

"அவருக்கு இஷ்டமில்ல."

"அப்புறம் என்ன," என்றான் ரோம்பவுட். "எங்கயும் அனுப்பாதீங்க. தூக்கி வண்டியில ஏத்தினா அதோட முடிஞ்சுது. இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

அவள் காலி ஜாடியை எடுத்துக்கொண்டாள். பிறகு, தனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது, ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்கவேண்டியிருந்தது என்றாள். போகும்போது ரோம்பவுட்டின் தோளை ஒருமுறை தொட்டாள். அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

கோடையில் எங்களால் போக முடியவில்லை. அறுவடை முடிந்த பிறகு போனோம். மூன்று வருடத்துப் பீருக்காக ரோம்பவுட் மெல்லிய குவளைகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். மாக்டெல்ட் கறுப்பு ரொட்டியும் வெண்பாலாடைக் கட்டியும் வைத்தாள். ஜாடி வரவில்லை.

"தெளிஞ்சுதா?" என்றான் குவளையைத் துடைத்தபடி.

"தெளிஞ்சுது. கடைசி ரெண்டு நாள் நல்ல தெளிவு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

வேர்லேயின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

"போன செவ்வாக்கிழமை அடக்கம் பண்ணினோம்," என்றாள் மாக்டெல்ட். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரொட்டித் தட்டை ரோம்பவுட்டின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேன் டாக்டர். அசைக்கவே இல்ல."

நாங்கள் பேசியது பீரைப் பற்றி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மாக்டெல்ட் வீட்டைப் பூட்டிவிட்டு, கடற்கரைப் பக்கம் தங்கையோடு போய் இருக்கிறாள். வேர்லே இப்போது ஒயின் குடிக்கிறாள். ரோம்பவுட் இன்னமும் நோயாளிகளைப் பார்க்கிறான், எங்களைப் பார்ப்பதில்லை. மூன்று வருடத்துப் பீப்பாயை அடுத்த ஊர்க்காரர் ஒருவர் எடுத்துப் போனார். அதற்குச் சீக்கே வந்ததில்லை என்றார்.