கொய்யாவுக்குப் போட்ட வலை

அணில் கடித்த கொய்யாக்களைப் பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போன தணிகைவேல், மரத்தைச் சுற்றிப் பழைய பிவிசி குழாய்களை நட்டார். கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த வலையை எடுத்துவந்து மேலே போர்த்தினார். காலணா செலவில்லாமல் கூண்டு தயார். கதவை வெளியிலிருந்து கட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே முடிச்சு, ஷூ லேஸ் முடிச்சு.

மீன்கார ரொசாலி கூடையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "அந்த வலைய ஏன் சார் எடுத்தீங்க? பொணம் சிக்குன வலைய நாங்க தொடமாட்டோம். கரையிலயே விட்டுருவோம்."

"சோப்புத்தூள் போட்டு அலசிட்டேம்மா" என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் ஒரு பழத்திலும் பல் படவில்லை. மனம் குளிர்ந்துபோய்க் கதவை அவிழ்க்கக் கை நீட்டினார். அவருடைய முடிச்சைக் காணோம். வலைக்காரர்கள் போடும் முடிச்சு ஒன்று ஈரம் காயாமல் இறுகிக் கிடந்தது, உள்பக்கமாக.