தம்பி வந்ததிலிருந்து

"தம்பி பொறந்ததுலேருந்து இவளுக்கு ஒரே பொறாமை டாக்டர். எப்படிக் கடிச்சு வெச்சிருக்கா பாருங்க!"

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரியில், கைக்குழந்தையின் தோளைத் திறந்து காட்டினான் பிரெண்டன்.

"நான் கடிக்கலை" என்ற ஆறு வயது மேஸி, வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பொய் வேறயா?" என்று முறைத்தாள் கிர்ஸ்டி. பெற்ற மகளுக்கே இத்தனை வயிற்றெரிச்சலா என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.

"அவளைச் சொல்லிக் குத்தமில்லை" என்று பிரெண்டன் சிரித்தான். "இவன் வந்த பிறகு வீட்டுல எங்க ரெண்டு பேரையும் யாரு சீண்டுறா? பொண்டாட்டி என் முகத்தைப் பார்த்தே மாசக்கணக்காச்சு."

டாக்டர் மரீன் சிரிக்கவில்லை. குழந்தையின் தோளருகே சின்ன அளவுகோலை வைத்துப் படமெடுத்தார். பிறகு வெஜிமைட் தடவிய ரொட்டியை மேஸியிடம் நீட்டினார்.

"பசிக்குதா கண்ணு? ஒரு கடி கடி பார்ப்போம்."

கடித்த ரொட்டியை வாங்கி கிர்ஸ்டியிடம் காட்டினார். நடுவில் கடிபடாத துண்டு நாக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது. மேஸியின் மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்து ஒரு வாரமாகிறது. கோபத்தில் அது கிர்ஸ்டிக்கு உறைக்கவே இல்லை.

"குழந்தை தோள்ல முன்பல் தடம் முழுசா இருக்கும்மா. அகலமும் பெரியவங்க வாயோடது. குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு நான் இப்பவே சொல்லியாகணும். அதுதான் சட்டம்."

"பெரியவங்களா? வீட்டுல நாங்க ரெண்டு பேர்தானே..."

கிர்ஸ்டி திரும்பிப் பார்த்தாள்.

இப்போது பிரெண்டன் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தான்.