எதிர் மெஷின்காரி

“எங்க அண்ணனை எப்ப வந்து பாக்கப் போறீங்க?”

எதிர் மெஷின்காரி மறுபடியும் கேட்டுவிட்டாள். ஃபிட்டர் பெல்ட்டைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் அந்தப் பழைய கார்டிங் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் உதட்டசைவுதான் பேச்சு.

ஃபிட்டருக்கு அது வசதியாகப் போயிற்று. இரும்பு உருளைகளோடு மாரடித்ததில் அவன் காது எப்போதோ போய்விட்டது. மெஷினில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைக் கொண்டே கோளாறைச் சொல்லிவிடுவான். விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, டீ நேரத்தில்கூட யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியே இருந்தான்.

போன பருத்தி சீசனில் அவள் வந்து சேர்ந்தாள். கண்ணும் உதடுமாக அவள் பேசப் பேச, இவன் மனசு பறந்தது. ஆனால் பெண் கேட்டு அவள் வீட்டுக்குப் போய், அங்கே முதுகுக்குப் பின்னாலிருந்து யாராவது ஒரு வார்த்தை கேட்டால் குட்டு உடைந்துவிடுமே.

அன்று மத்தியானம் மெயின் பெல்ட் அறுந்தது. உருளைகள் ஒவ்வொன்றாக நின்றன. காலுக்கடியில் தரையின் அதிர்வு அடங்கியதை வைத்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அவள் அதே கேள்வியைக் கேட்டாள். சுற்றிலும் அத்தனை பேர் நின்றும் ஒருவரும் திரும்பவில்லை. நல்லவேளை, மெதுவாகக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஜாடை காட்டினான்.

அதுவரை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறன்று அவள் தெருமுனைவரை போய்த் திரும்பினான், மறுபடி போனான்.

வேன் ஓட்டும் அண்ணன் உட்காரச் சொல்லி, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்தான். ஃபிட்டர் அவன் வாயையே பார்த்தபடி பதில் சொன்னான். அவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

அண்ணன் எழுந்து ஜன்னலைத் திறந்தபடி என்னவோ கேட்டான். தாடை அசைந்தது மட்டும் தெரிந்தது. இனியும் மறைப்பது பாவம் என்று பட்டது ஃபிட்டருக்கு.

“அண்ணே, எனக்குக் காது சுத்தமா கேக்காது. மில்லுல யாருக்கும் தெரியாது. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லல. எந்திரிச்சுப் போன்னு சொன்னா போயிடறேன்.”

அண்ணன் திரும்பினான். தங்கையைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். பிறகு இவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

“அப்ப, இவளுக்குக் குரலே கிடையாதுங்கறது உங்களுக்கு மட்டும் தெரியாதா?”